பள்ளத்து வயலின் ஆறு கருவிகள்

கிராட்ஸ்,
2016 மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு, யா அலி மதத்.

நவ்ருஸ் புத்தாண்டு பிறப்பதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். நான் நலம். முதுகுவலி குறைந்திருக்கிறது. உன் முழங்கால் எப்படி? மாடு ஈன்றுவிட்டதா?

ஓட்டுநர் மமத்ஷோ ஒரு பெட்டி கொண்டுவருவார். உள்ளே இருபத்து நான்கு கருவிகள். பார்க்கக் காளான் மாதிரி இருக்கும். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே நிற்கும்படி புதைக்க வேண்டும். கால் மணிக்கொருமுறை மண்ணின் வெப்பத்தையும் தரையை ஒட்டிய காற்றின் வெப்பத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும்.

எதற்கு என்று கேட்பாய். உலகத்து வானிலை நிலையங்கள் எல்லாம் இரண்டு மீட்டர் உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அளக்கின்றன. பதிமூன்று வருடம் நம் மலையுச்சி மேல்நிலையத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து மூடியவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விதை இரண்டு மீட்டர் உயரத்திலா முளைக்கிறது? எறும்பும் வேரும் பூவும் தரையில்தானே வாழ்கின்றன? ஒரு பாறையின் இந்தப் பக்கம் ஒரு பருவம், அந்தப் பக்கம் வேறு பருவம். அதை யாரும் அளந்ததில்லை. இப்போது நாற்பது நாடுகளில் முந்நூறு பேர் புதைக்கிறார்கள். பேராசிரியர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்கள், ஆடு மேய்ப்பவர்கள், வனக்காவலர்கள். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து ஒரே வரைபடம் ஆக்குகிறோம். பெயர் 'தரையடி வலையம்'. எங்கள் தலைவர் லோதார் எப்போதும் சொல்வார், இங்கே பெரியவர் சிறியவர் கிடையாது, புதைத்தவர் எல்லோரும் ஆய்வாளர் என்று.

அந்த வரைபடத்தில் நம் பர்தாங் பள்ளத்தாக்கு இன்று வெறும் வெள்ளையாக இருக்கிறது, அக்கா. தினமும் அதைப் பார்க்கிறேன். நிரப்பித் தருவாயா?

உன் தம்பி
அலிதோத்


ஷிதோர்வ்,
2016 நவம்பர் 14

தம்பி அலிதோத்துக்கு, மௌலா அலி மதத்.

நாங்கள் எல்லோரும் சுகம். முழங்கால் ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது இன்னும் வலிக்கிறது. அதனால் நடுவில் நின்றுகொள்கிறேன். மாடு கிடாரி ஈன்றது. பெட்டி வந்த சேதியை மமத்ஷோவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினேனே, சொன்னாரா?

ஏப்ரல் இரண்டாம் வாரம் புதைத்தேன். பக்கத்து வீட்டு ஹோசியத் மண்வெட்டியோடு வந்தாள். அவள் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனதிலிருந்து வீடு, வயல் எல்லாம் அவள் ஒருத்திதான் என்பது உனக்குத் தெரியும். மூன்று குழி தோண்டியதும் நிமிர்ந்து, "இது என்னக்கா, உருளைக்கிழங்கா? மொளைச்சா எனக்கும் பாதி குடுப்பியா?" என்று கேட்டாள். "மொளைக்காது, உளவு பார்க்கும்" என்றேன். "அப்ப நம்ம ஊர்ப் பொம்பளைங்க மாதிரின்னு சொல்லு" என்றாள்.

பத்தைச் சரிவில் வைத்தேன். எட்டை ஆற்றோர வில்லோ மரங்களுக்கு அடியில். கடைசி ஆறு, பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரை, பள்ளத்து வயலில். அந்த வயலில் ஏன் யாரும் மரம் வைப்பதில்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் "வைக்கக் கூடாது" என்பார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். இப்போது காரணம் கிடைத்துவிட்டது. கருவிகளைத் தோண்டி எடுத்து, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக் கணினியில் போட்டுப் பார்த்தேன். மே மூன்றாம் தேதி விடியும் நேரம், சரிவில் சுழிக்கு மேல் 0.8 டிகிரி. அதிலிருந்து நாற்பது மீட்டர் கீழே, பள்ளத்தில், சுழிக்குக் கீழ் 7.4. குளிர்காற்று தண்ணீர் மாதிரி மலையிலிருந்து வழிந்து வந்து அங்கே குளமாகத் தேங்குகிறது. மே மாதம் மட்டும் நான்கு முறை தேங்கியிருக்கிறது. வாற்கோதுமை முளை அதைத் தாங்கும். பூவும் இளந்தளிரும் தாங்காது.

இதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. மெமரி கார்டை இந்த உறைக்குள் தைத்திருக்கிறேன். கவனமாகப் பிரி.

உன் அக்கா
ஷகர்மோ


கிராட்ஸ்,
2017 ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு, யா அலி மதத்.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி அதிகம். டிராம் நின்றுவிட்டது, நடந்து போகிறேன். உலர்ந்த மல்பெரி அனுப்பியதற்கு நன்றி. அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

கார்டு பத்திரமாக வந்தது. அருமையான வேலை. லோதாரிடம் காட்டினேன், மகிழ்ந்துபோனார். வரைபடம் ஜூனில் வெளிவர வேண்டும் என்பதால் இங்கே எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை.

சின்ன சந்தேகம். பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரை உள்ளவை, செயற்கைக்கோளை வைத்துப் போட்ட கணக்கைவிட ஒன்பது டிகிரி குறைவாகக் காட்டுகின்றன. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்குமா? மர்மோட் வளை தோண்டிச் சாய்த்திருக்குமா? ஆறும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம்தான், ஆனாலும் கேட்க வேண்டியது என் கடமை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அலிதோத்


ஷிதோர்வ்,
2017 பிப்ரவரி 19

தம்பிக்கு, மௌலா அலி மதத். சுகம். நீயும் சுகமாக இரு.

பள்ளத்து வயலில் என்றைக்கும் மர்மோட் கிடையாது என்பதை வேறு யாராவது கேட்டிருந்தால் பொறுமையாகச் சொல்லியிருப்பேன். நீ கேட்கிறாய்.

புதைப்பதற்கு முன்னால் இருபத்து நான்கையும் உருகும் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டுச் சோதித்தேன். எல்லாம் சுழியைக் காட்டின. மிஞ்சிப் போனால் ஒரு டிகிரியில் பத்தில் இரண்டு பங்கு பிசகு. தோண்டி எடுத்த பிறகு திரும்பவும் அதே சோதனை, அதே சுழி. அந்தத் தாளின் நகல் இத்துடன் இருக்கிறது. தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் உண்டு. மேல்நிலையத்தில் இருந்தபோது ஒருநாள்கூட நான் கண்ணால் பார்க்காத எண்ணை எழுதியதில்லை. போர் நடந்த வருடங்களில், மூன்று மாதம் ரொட்டி இல்லாமல் இருந்தபோதும், காலை ஆறு மணி அளவை விட்டதில்லை. அந்த எண்களை வாங்கிக்கொள்ள மறுமுனையில் யாருமே இல்லாதபோதும் எழுதினேன்.

உங்கள் செயற்கைக்கோள் எத்தனை உயரத்திலிருந்து பார்க்கிறது? ஒரு கிலோமீட்டரை ஒரே கட்டமாகப் பார்க்கிறது என்று நீயே முன்பொருமுறை சொல்லியிருக்கிறாய். எங்கள் சரிவும் பள்ளமும் ஆறும் ஹோசியத்தின் கோழிக்கூண்டும் அந்த ஒரு கட்டத்துக்குள். அதோடு என் அளவு ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு என் பக்கமா? ஒத்துப்போகாது என்பதற்காகத்தானே இத்தனை பேரும் குழி தோண்டினோம்?

கேட்பது கடமை என்றாய். பதில் சொன்னேன். இனி நம்புவது உன் கடமை.

ஷகர்மோ


கிராட்ஸ்,
2017 ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு, யா அலி மதத்.

வரைபடம் வெளியாகிவிட்டது! கட்டுரையின் அச்சுப்பிரதி ஒன்று அனுப்பியிருக்கிறேன். கட்டுரையாசிரியர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இருநூற்று ஏழாவது பெயரைப் பார். சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன். ஷிதோர்வ் கிராமத்தின் பெயர் இப்படி ஒரு இதழில் அச்சாவது இதுவே முதல்முறை.

இரண்டு ஜோடி காலணி வைத்திருக்கிறேன். கறுப்பு உனக்கு, பழுப்பு ஹோசியத்துக்கு. அளவு சரியாக இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். சாக்லேட் பள்ளிப் பிள்ளைகளுக்கு.

வேலை அவசரம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அலிதோத்


ஷிதோர்வ்,
2017 செப்டம்பர் 24

தம்பிக்கு, மௌலா அலி மதத்.

சுகம். காலணி இரண்டும் எனக்குத்தான் பொருந்தியது. ஹோசியத்தின் கால் பெரியது. சிரித்துக்கொண்டே எனக்கே கொடுத்துவிட்டாள். என் பெயரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். ஒளிப்பானேன், பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த ஆறு என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. பிப்ரவரியில் நான் அனுப்பிய தாள் வந்ததா? அதையும் எழுதவில்லை. இரண்டு கேள்வி, இரண்டு வரி பதில் போதும்.

இதை இன்று அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு உதவி நிறுவனம் வந்தது. ஆப்ரிகாட் தோட்டம் போட்டுத் தருகிறார்களாம். கன்று, வேலி, சொட்டு நீர்க் குழாய் எல்லாம் அவர்களே. வந்தவர் பெயர் ஃபிர்தவ்ஸ். தலைநகர் துஷான்பேக்காரர், நல்ல மனிதர், பணிவாகப் பேசுகிறார். ஊர்க்கூட்டத்தில் கையடக்கக் கணினியைத் திறந்து உங்கள் வரைபடத்தைக் காட்டினார். பள்ளத்து வயல் முழுக்கப் பச்சை. 'உறைபனி அபாயம் குறைவு' என்று எழுதியிருக்கிறது. மண் ஆழம், தண்ணீர் பக்கம், சமதரை. ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை என்றார்.

நான் எழுந்து, மே மாதம் அங்கே ஏழு டிகிரி உறையும், மரம் நிற்காது, நானே அளந்தேன் என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினார். "டீச்சரம்மா, இது நாங்களா போட்டதில்ல. உலகம் முழுக்க முந்நூறு பேர் அளந்து போட்டது. இருநூத்தி ஏழாவது யாரு? நீங்கதானே? உங்க பேரைப் போட்டு நீங்களே ஒப்புக்கிட்டதை இப்ப நீங்களே இல்லேங்கிறீங்களே."

ஊர் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரித்தது. என் கையை எடுத்தே என் கண்ணைக் குத்தினால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அப்புறம் நான் பேசினது யார் காதிலும் ஏறவில்லை. வயசானவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். காரணம் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஹோசியத்துக்கு அங்கேதான் பங்கு இருக்கிறது; வேறெங்கும் நிலம் இல்லை. கூட்டம் முடிந்து வரும்போது, "ஏன்க்கா, உன் தம்பி போட்ட படம் தப்பா இருக்குமா?" என்று கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை. என்ன சொல்லட்டும்? நவம்பருக்குள் கன்று நடுகிறார்கள். ஃபிர்தவ்ஸின் முகவரி கீழே இருக்கிறது. அவருக்கு நீ ஒரே ஒரு வரி எழுது. வரைபடத்தில் அந்தக் கட்டம் தப்பு என்று எழுது. போதும்.

ஷகர்மோ


கிராட்ஸ்,
2017 டிசம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு, யா அலி மதத்.

உன் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது. முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், தூங்கப் போகும்முன் தடவு. எனக்கும் குளிர்காலம் வந்தாலே முதுகு பிடித்துக்கொள்கிறது.

நீ சொன்ன விஷயத்தை லோதாரிடம் பேசுகிறேன். அவர் இப்போது பயணத்தில் இருக்கிறார். இப்படிப்பட்ட பெரிய வரைபடத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும். அதை உள்ளூர்க்காரர்கள் பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறோம், பதினான்காம் பக்கம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அலிதோத்


ஷிதோர்வ்,
2018 மே 11

அலிதோத்,

மே ஏழாம் தேதி காலை பள்ளத்து வயலில் சுழிக்குக் கீழ் 8.1. ஆயிரத்து நூற்று நாற்பது கன்று. தளிர்விட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எட்டு மணிக்கு வெயில் பட்டதும் எல்லாம் கறுத்தது, வெந்த கீரை மாதிரி. ஒட்டுப்போட்ட இடத்தில் தோலைக் கீறிப் பார்த்தேன். உள்ளேயும் பழுப்பு. நூற்றுக்குப் பத்து பிழைத்தால் அதிசயம்.

மரம் போட்டதால் அந்த வயலில் இந்த வருடம் வாற்கோதுமை விதைக்கவில்லை. இனி உழுது விதைத்தாலும் பனிக்கு முன்னால் விளையாது. இருபத்திரண்டு வீட்டுக்குக் குளிர்கால மாவு அது. யார் யார் வீட்டில் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும், நான் எழுத வேண்டாம்.

ஹோசியத் வரிசை வரிசையாக நடந்தாள். ஒவ்வொரு கன்றையும் தொட்டுப் பார்த்தாள். நூற்று எண்பது அவளுடையது. மார்ச்சிலிருந்து வாய்க்காலில் பனிக்கட்டி உடைத்துத் தண்ணீர் விட்டவள். கடைசி வரிசையில் நான் நின்றிருந்தேன். "நீ சொன்னேல்லக்கா" என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஃபிர்தவ்ஸ் வந்தார். நேர்மையாகத் தலைகுனிந்து நின்றார். தனக்கு யாரும் எதுவும் எழுதவில்லை என்றார்.

ஷகர்மோ


ஷிதோர்வ்,
2018 ஜூலை 29

அலிதோத்,

நீ பதில் போடவில்லை. நானே போய்த் தெரிந்துகொண்டேன்.

ஜூனில் கொரோக் நகரத்துக்குப் போனேன். அங்கே ஆங்கில ஆசிரியை மவ்லூதா உங்கள் வலையத்தின் முழுப் பதிவேட்டை இணையத்தில் திறந்துகொடுத்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். அதில் மட்டும் நீங்கள் நேர்மையானவர்கள். ஷிதோர்வில் இருபத்து நான்கு கருவி இருக்க வேண்டும். பதினெட்டுதான் இருந்தது. மிச்சம் ஆறையும் தேடித் தேடி, கடைசி இணைப்பில் கண்டுபிடித்தோம். 'நீக்கப்பட்டவை' என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம், நீக்கியவரின் முதலெழுத்துகள், தேதி.

பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரை: 'கருவி பழுது.' தேதி, 2017 மார்ச் 15. என் சோதனைத் தாள் உன் கைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாட்கள். எழுத்துகளை நான் எழுத மாட்டேன். உன் பெயரை எழுதப் பழக்கியபோது முதலில் போட்ட எழுத்து எது என்று எனக்கு நினைவிருக்கிறது.

ஏமாந்தேன் என்று கோபமில்லை. முட்டாள்தனமாகச் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்து செய்தாய். அதன்பிறகு எனக்குக் காலணி அனுப்பினாய். என் பெயருக்கு அடிக்கோடு போட்டாய். முழங்காலுக்குத் தைலம் அனுப்பினாய். பதினான்காம் பக்கம் பார் என்றாய். அந்தக் காலணியை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறேன். உள்ளே கொண்டுவர மனம் வரவில்லை.

அந்தப் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு கருவிகள். மவ்லூதாவும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரும்பாலும் பள்ளங்கள், மேட்டுச் சமவெளிகள், பாறை இடுக்குகள். கணக்குக்கு அடங்காத இடங்கள் எல்லாம் 'பழுது'. புதைத்தவர்களின் முகவரிகளும் இருந்தன. எழுதினேன். மவ்லூதா மொழிபெயர்த்தாள்.

பதில் வருகிறது. பெருவில் உருளைக்கிழங்கு பயிரிடும் தெயோடோரா என்ற பெண், தன் ஒன்பது கருவியும் பழுதாகிவிட்டதை நான் சொல்லித்தான் அறிந்தாள். எத்தியோப்பியாவில் ஹுண்டே என்ற வனக்காவலர் மூன்று பக்கத்துக்குத் திட்டி எழுதியிருக்கிறார். மவ்லூதா பாதியை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். நார்வேயில் ஓடர் என்ற ஆட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். "எங்கள் ஊர்க் குளிர் பழுது என்று எழுதியவரை ஜனவரியில் இங்கே வரச் சொல்லுங்கள், போர்வை நான் தர மாட்டேன்" என்கிறார். உன் தலைவர் சொன்னாரே, புதைத்தவர் எல்லோரும் ஆய்வாளர் என்று. அது உண்மைதான். ஆனால் எங்களில் யாரும் மற்றவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லோரும் உங்களோடு மட்டும்தான் பேசினோம்.

இப்போது பேசுகிறோம்.

ஷகர்மோ


கிராட்ஸ்,
2018 அக்டோபர் 21

அக்கா,

ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் நீ நலமாக இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். எங்கள் கணினி, கணக்கோடு ஒத்துப்போகாத கருவிகளைத் தானாகப் பிரித்துவைத்தது. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்து, வைப்பதா நீக்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். மத்திய ஆசியாவை என்னிடம் கொடுத்தார்கள், உனக்குத்தானே ஊர் தெரியும் என்று. வைத்துக்கொண்டால் ஏன் வைத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டும். பிழை அளவு கூடும். இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பும். லோதார் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "சீக்கிரம் முடிங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வருடக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பது அவர் கையில் இருந்தது.

உன் சோதனைத் தாள் மேசைமேல் இருந்தது. படித்தேன். பிறகுதான் நீக்கினேன்.

உன் அளவு சரி என்று எனக்குத் தெரியும். நான் அந்த வயலில் மாடு ஓட்டிப்போனவன். மேலே சரிவில் வெறுங்காலோடு நடந்தாலும் பள்ளத்தில் இறங்கினதும் புல் காலடியில் நொறுங்கும். விசையை அழுத்தும்போது அந்தச் சத்தம் எனக்கு நினைவு வந்தது. ஒரு கட்டம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். செப்டம்பரில் நீ ஃபிர்தவ்ஸைப் பற்றி எழுதியபோது அவருக்கு ஒரு வரி எழுதியிருந்தால் கன்று நட்டிருக்க மாட்டார்கள். எழுதினால் ஏன் தப்பு என்று கேட்பார்கள் என்பதால் எழுதவில்லை. உன் கடிதம் தாமதமாகக் கிடைத்தது என்றதும் பொய்.

இப்போது லோதாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருத்தக் குறிப்பு ஒன்று என் பெயரில் இதழுக்குப் போயிருக்கிறது. ஆறு கருவிகளும் அளந்தது உண்மை, நீக்கியது என் தவறு என்று. டிசம்பருக்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இல்லை. நீ இரக்கப்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை.

நீங்கள் சேர்ந்து செய்யும் வேலையில் எனக்கும் இடம் உண்டா? கணக்குப் போடவாவது.

அலிதோத்


ஷிதோர்வ்,
2019 ஜனவரி 27

அலிதோத்,

மாவு போதவில்லை. கொரோக்கிலிருந்து மூட்டை வருகிறது, பாதை பனியில் அடைத்தால் வராது. இப்போது அடைத்திருக்கிறது. மமத்ஷோ திறந்ததும் இந்தக் கடிதம் புறப்படும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மறைக்காமல் எழுதியிருக்கிறாய். அது நல்லது. ஆனால் அதைப் படித்ததும் நான் உருகிவிடுவேன் என்று நினைத்திருந்தால், இல்லை.

இப்போது நாங்கள் அறுபத்தொரு பேர், பதினேழு நாடு. எங்களுக்குப் 'பழுதானவர்கள்' என்று பெயர் வைத்தது ஓடர். எங்களுக்குத் தலைவர் இல்லை. புதைத்தவரைக் கேட்காமல் ஒரு எண்ணையும் நீக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு ஊரின் வரைபடத்தை வெளியே கொடுப்பதற்கு முன் அந்த ஊரில் அளந்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும்; அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதற்கே ஆறு மாதம் சண்டை போட்டோம். ஹுண்டேவுக்கும் தெயோடோராவுக்கும் இன்னும் பேச்சு சரியாக இல்லை.

நீ சேர விரும்புவதை அவர்களிடம் சொன்னேன். என் தம்பி என்பதையும், எழுத்துகள் யாருடையவை என்பதையும் மறைக்கவில்லை. வாக்கெடுப்பில் நான் கலந்துகொள்ளவில்லை. தெயோடோரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இவர் எத்தனை புதைத்திருக்கிறார்?" ஒன்றுகூட இல்லை என்றேன். அப்படியென்றால் முதலில் புதைக்கட்டும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

ஏப்ரலில் வா. மண் இளகியதும் பள்ளத்து வயலில் ஆறு குழியை நீ தோண்டு. உன் கையால், உன் பெயரில்.

இன்னொன்று. அந்த ஆறையும் நீக்கியது யார் என்று ஹோசியத்துக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எட்டு மாதமாகத் தினமும் அவள் முகத்தைப் பார்க்கிறேன், சொல்லவில்லை. அது என் வாயால் வரக் கூடாது.

ஷகர்மோ


ஷிதோர்வ்,
2019 ஜூன் 2

தம்பிக்கு, மௌலா அலி மதத்.

நீ துஷான்பே போய்ச் சேர்ந்த சேதியை மமத்ஷோ சொன்னார். கல்லூரி வேலை கிடைத்ததா? பாதையில் முதுகு என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ போனதிலிருந்து அன்றைக்கு நடந்ததையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நீ ஹோசியத் வீட்டு வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாய். அவள் மாவு பிசைந்த கையைத் துடைக்காமல் கேட்டாள். அடுப்பில் பால் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் வாசலுக்கு வந்த விரோதிக்கும் ஒரு கிண்ணம் ஊற்றாமல் அனுப்ப மாட்டார்கள். அவள் ஊற்றவில்லை. "தெரியாம செஞ்சிருந்தா டீ குடுத்திருப்பேன்பா. தெரிஞ்சு செஞ்சிருக்க. போயிட்டு வா" என்றாள். நீ படியிறங்கி நேரே வயலுக்குப் போய்க் குழி தோண்ட ஆரம்பித்தாய். நான் வீட்டுக்குக் கூப்பிட்டும் நீ சாப்பிட வரவில்லை. அன்று எனக்கு உன்மேல் இருந்த கோபத்தில் பாதி வேறு எதுவோ ஆகிவிட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. அது போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மேல்சரிவில் ஃபிர்தவ்ஸ் முந்நூறு கன்று நட்டுக் கொடுத்தார். இந்தமுறை இடத்தை நாங்கள் காட்டினோம், அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஹோசியத்துக்கு அங்கே ஊரார் ஒரு துண்டு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பள்ளத்தில் பழையபடி வாற்கோதுமை, நன்றாக முளைத்திருக்கிறது.

திருத்தக் குறிப்பு அச்சில் வந்ததை மவ்லூதா காட்டினாள். உள்ளங்கை அளவு. வரைபடத்தில் அந்தக் கட்டத்தை இன்னும் மாற்றவில்லை. ஓடரும் நானும் வாரம் ஒரு கடிதம் போடுகிறோம். மாற்றும்வரை போடுவோம். நீக்கப்பட்ட நானூற்றுப் பன்னிரண்டில் நூற்று முப்பதுக்கு அளந்தவர்கள் மறுபடி சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட ஆள் தேவைப்படுகிறது. சேர்த்துக்கொள்ளலாம் என்று தெயோடோரா எழுதிவிட்டாள். கோப்புகள் தனியாக வரும். எதை நீக்க நினைத்தாலும் முதலில் அதைப் புதைத்த ஆளுக்கு எழுது.

உன் ஆறின் கணக்கு இது. மே ஒன்பது, விடியல், சுழிக்குக் கீழ் 6.8. நேற்று ஹோசியத் வயலில் களை எடுக்கும்போது, "உன் தம்பி பொதைச்சது எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். "சரியாத்தான் பொதைச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அடுத்தமுறை நீ வந்தால் தேநீர் தருவாளா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அதை நீயே வந்து தெரிந்துகொள்.

உன் அக்கா
ஷகர்மோ